வேப்பிலை போடுவதற்கு முன்னால்: தானியத்தில் வண்டு வராமல் வைப்பது எப்படி

மாரண்டஹள்ளி பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மாவு மில் இருக்கிறது. ராகி, கம்பு, கோதுமை, மிளகாய், மல்லி, பிள்ளைகளுக்குச் சத்துமாவு என்று எது வந்தாலும் அரைத்துக் கொடுப்போம். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஊரில் யார் வீட்டு டிரம்மில் என்ன நடக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். பையின் வாயைப் பிரித்தாலே வாசனை சொல்லிவிடும். ஆடி பிறந்து காற்றில் ஈரம் ஏற ஆரம்பித்தால், கார்த்திகை முடியும்வரை வண்டுக் காலம். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அண்ணா, என்ன இலை போட்டா இது போகும்?"

எந்த இலை என்று நான் கடைசியில்தான் சொல்வேன். நன்றாகக் காயாத தானியத்தில் ஒரு மரத்து வேப்பிலையை உருவிப் போட்டாலும் வண்டு வரும். நன்றாகக் காய்ந்ததைச் சுத்தமான டின்னில் தளும்ப நிரப்பி இறுக்கி மூடினால், இலையே போடாவிட்டாலும் பெரும்பாலும் வராது. இலை, எண்ணெய், மண் எல்லாம் இதற்கு மேல் செய்கிற வேலைகள். அதையும் எந்தப் பூச்சி என்று தெரிந்துகொண்டு செய்தால்தான் பலன்.

முதலில் யார் வந்திருக்கிறார் என்று பாருங்கள்

டப்பாவைச் சரியாக மூடாததால் வண்டு உள்ளே போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல நேரம் அது உள்ளேயேதான் வந்திருக்கும். அவரை, துவரை, காராமணி எல்லாம் கொல்லையிலேயே முட்டையை வாங்கிக்கொண்டு வருகின்றன. காய் முற்றிக் காய்கிற நேரத்தில் பயறு வண்டு பறந்து வந்து அதன் மேல் முட்டை ஒட்டிவிட்டுப் போகும். நாம் அதைப் பறித்து, அடித்து, தூற்றி, மூட்டை கட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறோம்.

பயறு வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தோலின் மேல் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. விரலால் தேய்த்தாலும் சுலபத்தில் போகாது. ஒரு வண்டு 80, 100 முட்டைகூட வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு நேராகப் பயறுக்குள் துளைத்துக்கொண்டு போய், மூன்று நான்கு வாரத்தில் வண்டாகி வட்டமாக ஒரு ஓட்டை போட்டு வெளியே வரும். வெளியே வந்த வண்டு பயறைத் தின்பதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்து, முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகும். சேதம் முழுக்க உள்ளே இருக்கிற புழு செய்வது.

அரிசி, கோதுமை, சோளத்தில் வருவது வேறு ஆள். கருப்பாக, மூக்கு நீண்டிருக்கும். பெண் வண்டு அந்த மூக்காலேயே மணியில் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசைபோல ஒன்றைச் சுரந்து வாயை அடைத்துவிடும். ஆயுள் முழுக்க 300 முட்டைக்கு மேல் வைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த அரிசிக்கும் நல்ல அரிசிக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் புடைத்துச் சலித்துச் சுத்தமாக எடுத்துவைத்த அரிசியில் ஒரு மாதம் கழித்து மறுபடி வண்டு ஊர்கிறது. அது புதிதாக வந்ததில்லை. நீங்கள் சலித்த அன்றைக்கே அரிசிக்குள் இருந்ததுதான்.

ரவை, மாவு, குருணையில் செம்பழுப்பாக, தட்டையாக ஓடுவது மாவு வண்டு. முழு மணியைக் கடிக்க அதற்கு வலுவில்லை. உடைந்தது, தூளானது, ஏற்கெனவே வேறு வண்டு தின்று வைத்தது, இதுதான் அதன் சாப்பாடு. ஆயுள் ஒரு வருஷத்துக்கு மேலும் போகும். கூட்டம் அதிகமானால் மாவில் ஒரு காரமான கெட்ட வாடை வரும். அது அந்த வண்டு சுரக்கும் திரவத்தின் வாடை. அப்படிப்பட்ட மாவைச் சலித்தாலும் வறுத்தாலும் வாடை போகாது.

ராகியோ ரவையோ நூல் நூலாகக் கட்டி, கட்டி கட்டியாக வந்தால் அது அந்துப்பூச்சியின் புழு. பூச்சி சாம்பல் நிறத்தில் சுவரிலோ டப்பா மூடியின் அடியிலோ உட்கார்ந்திருக்கும். மல்லி, மஞ்சள், மிளகாயில் உருண்டையாகச் சின்னதாய் வரும் பழுப்பு வண்டு இன்னொரு வகை. புகையிலையைக்கூட விடாது. இது போக, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் வெளுப்பாக ஊர்ந்தால் அது ஈரத்துக்கு வரும் பேன். அதைப் பார்த்தால் பூச்சியைத் தேடாதீர்கள், தானியத்தை எடுத்துப்போய் வெயிலில் கொட்டுங்கள்.

காயவைப்பது

தானியத்துக்கு ஈரம் 100க்கு 12 பாகத்துக்கு உள்ளே இருக்க வேண்டும், பயறு வகைக்கு 10 பாகத்துக்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது என்பது வேளாண்மைத் துறையினர் சொல்லும் கணக்கு. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. எங்கள் ஆயா பல்லால் கடித்துப் பார்ப்பார். டக்கென்று இரண்டாக உடைந்தால் காய்ந்தது. பல் பதிந்து நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும்.

பல் போனவர்களுக்கு உப்புச் சோதனை இருக்கிறது. ஈரம் துளியும் இல்லாத கண்ணாடி பாட்டிலில் கால் பாகம் தானியம் போட்டு, நன்றாகக் காய்ந்த பொடி உப்பு ஒரு ஸ்பூன் சேர்த்து மூடி, சில நிமிடம் குலுக்குங்கள். கொஞ்ச நேரம் அப்படியே வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 பாகத்துக்கு மேல் இருக்கிறது. ஒட்டாமல் கீழே விழுந்தால் மோசமில்லை. விழுந்துவிட்டது என்பதற்காக உடனே டின்னில் கொட்ட வேண்டாம், இன்னொரு நாள் வெயில் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி காயவைக்கக் கூடாது. ராகி, கம்பு, துவரை, அவரை, கொள்ளு இவற்றைச் சுள்ளென்ற வெயிலில் போடலாம். அரிசியைப் போடாதீர்கள், கோடு விழுந்து நொறுங்கும், சோறு குழையும். வண்டு விழுந்த அரிசியை நிழலில் காற்றோட்டமாக ஒரு துணியில் பரப்பினால் வெளியே இருக்கிற வண்டுகள் தாமே ஓடிவிடும். விதைக்கு வைப்பதைச் சிமெண்ட் களத்தில் நடு மத்தியானத்தில் விடாதீர்கள்.

பங்குனி, சித்திரை வெயில் நம் பக்கம் சும்மா கிடைக்கிற மருந்து. பயறை ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் கருப்புத் தார்ப்பாயில் பரப்பி, அதன் மேல் கண்ணாடி மாதிரி தெரியும் பாலித்தீன் தாளைப் போர்த்தி, நாலு ஓரமும் கல் வைத்து இறுக்கிவிட்டால் உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டும். காராமணி வண்டுக்கு 57 டிகிரியில் ஒரு மணி நேரம் போதும், முட்டை, புழு, வண்டு எல்லாம் போய்விடும். வெறும் வெயிலில் போட்டால் வண்டு எழுந்து பக்கத்து நிழலுக்கு நடந்து போய்விடுகிறது. தாள் போர்த்தினால் அதற்குப் போக்கிடம் இல்லை. பதினொரு மணிக்குப் போர்த்தி மூன்று மணிக்கு எடுத்தால் சரி. சாப்பாட்டுக்கு வைக்கிற பயறுக்குத்தான் இதை நான் செய்வது, விதைக்குச் செய்வதில்லை.

இதில் பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. வெயிலில் இருந்து அள்ளிய சூட்டோடு டின்னில் கொட்டி மூடிவிடுகிறார்கள். ராத்திரி குளிர்ந்ததும் மூடியின் அடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் மேல் அடுக்கில் சொட்டும். மேலே பூஞ்சணம், அதற்குக் கீழே பேன். சாயங்காலம் வீட்டுக்குள் கொண்டுவந்து தரையில் பரப்பி, கைக்குச் சூடு தெரியாத வரைக்கும் ஆறவிட்டுப் பிறகு நிரப்புங்கள். மில்லில் அரைத்த மாவுக்கும் இதேதான். கல்லில் அரைபட்ட மாவு கைசுடச் சுட விழும். வீட்டுக்குப் போனதும் பையைத் திறந்து ஒரு தாம்பாளத்தில் கொட்டிவிடுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். பாதிப் பேர் அந்தப் பையிலேயே இரண்டு நாள் வைத்துவிட்டு, மாவு கட்டி பிடித்துவிட்டது என்று என்னிடமே வந்து சண்டை போடுவார்கள்.

டின், டிரம், சாக்கு

எங்கள் அம்மா காலத்தில் மூங்கிலில் பின்னி, சாணியும் மண்ணும் சேர்த்து மெழுகிய தொம்பை வீட்டுக்கு வீடு இருந்தது. இப்போது எவர்சில்வர் டிரம்மும் பிளாஸ்டிக் பீப்பாயும் வந்துவிட்டன. தொம்பையை நினைத்து ஏங்க நான் தயாரில்லை. மூடி இறுகப் பொருந்தும் ஒரு டிரம் அதைவிட நன்றாகக் காப்பாற்றும், எலிக்கும் பயமில்லை. ஆனால் ஈரமானதைத் தொம்பை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், டிரம் பொறுக்காது. அதனால்தான் காயவைப்பதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினேன்.

டிரம்மைத் தளும்ப நிரப்புங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தப்பி உள்ளே போன வண்டு, இருக்கிற காற்றை மூச்சுவிட்டே தீர்த்துவிட்டு அடங்கிவிடும். பாதி காலியான டிரம்மில் அதற்கு மாதக்கணக்கில் காற்று இருக்கிறது. தினமும் திறந்து அள்ளுவதும் இதைக் கெடுத்துவிடும். பெரிய டிரம்மை மாதம் ஒருமுறை திறந்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, பெரியதை உடனே மூடுங்கள். வாய் சரியாகப் பொருந்தவில்லை என்றால் தடித்த பாலித்தீன் பையில் தானியத்தைக் கட்டி அதை டிரம்முக்குள் இறக்கலாம்.

பழையதன் மேல் புதியதைக் கொட்டவே கூடாது. அடியில் கிடக்கிற இரண்டு படி பழைய அரிசியில் இருக்கிற வண்டுக்கு நீங்கள் 25 கிலோ விருந்து வைக்கிறீர்கள். டிரம் காலியானதும் கழுவி, முழு வெயிலில் வாயைக் கவிழ்த்து வைத்து, மூடியின் விளிம்பையும் தகர டின்னின் மடிப்பையும் பழைய பிரஷ் வைத்துத் தட்டி எடுங்கள். மாவு வண்டு ஒளிந்திருப்பது அந்த மடிப்பில்தான். பழைய சாக்கு என்றால் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, உள்ளும் புறமும் திருப்பி வெயிலில் காயப்போட்ட பிறகு பயன்படுத்துங்கள். மூட்டையைத் தரையில் நேராக வைக்காமல் மரப்பலகை மேல், சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அவரை, துவரை, கொள்ளு, காராமணி

வண்டு அதிகம் விழுவது பயறில்தான், அதற்கான வைத்தியமும் பயறுக்குத்தான் அதிகம். நம் பக்கம் ராகிக் கொல்லையில் அவரையும் துவரையும் சாலில் ஊடுபயிராகப் போடுவது பழைய வழக்கம். கொள்ளு விதைக்காத மானாவாரிக்காரரும் இல்லை. கிருஷ்ணகிரி பக்கத்தில் இருக்கும் பையூர் ஆராய்ச்சி நிலையம் கொள்ளுக்கென்றே ரகங்கள் கொடுத்திருக்கிறது. ஆக, தை, மாசியில் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சமாவது பயறு இருக்கும்.

செம்மண் கட்டுவது அதில் முதல் வழி. சுத்தமான செம்மண்ணை, கல், வேர் இல்லாமல் நன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் விட்டு இட்லி மாவு பதத்துக்குக் கரைத்து, துவரையையோ அவரையையோ அதில் கொட்டி, எல்லா மணியிலும் ஒட்டும்படி இரண்டு கையாலும் புரட்டுங்கள். சிலர் ஒரு ராத்திரி அப்படியே குவித்து வைப்பார்கள். மறுநாள் களத்தில் பரப்பி, இரண்டு மூன்று நாள் மணி மணியாகப் பிரியும்வரை காயவையுங்கள். அரைகுறையாகக் காய்ந்தால் செய்த வேலை அத்தனையும் வீண், மண்ணின் ஈரம் பயறுக்குள் இறங்கி முளைத்தே விடும்.

காய்ந்த மண் பயறின் மேல் ஒரு சட்டை போட்டுவிடும். வண்டு முட்டையை ஒட்டுவதற்கு வழவழப்பான தோல் கிடைக்காது. மண்தூள் அதன் உடம்பில் படிந்து, மேலே இருக்கிற மெழுகுப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடும். அந்தப் பூச்சு போனால் உடம்பில் உள்ள ஈரம் வெளியேறி, காய்ந்து செத்துப்போகும். அடுப்புச் சாம்பல் செய்வதும் இதே வேலைதான். விறகு எரித்த, நன்றாக ஆறிய, சலித்த சாம்பலாக இருக்க வேண்டும். விதைக்கு வைக்கிற பயறுக்குச் சாம்பல் நல்லது, சாப்பிடுவதற்குக் கழுவி எடுக்கத் தொல்லை. செம்மண் கட்டின துவரையை உடைத்துப் பருப்பாக்கும்போது தோல் நன்றாகக் கழலும், அது கூடுதல் லாபம்.

இன்னொரு வழி எண்ணெய். ஒரு கிலோ பயறுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போதும். 100 கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று வேளாண்மை ஆட்கள் சொல்வார்கள், வீட்டில் அதற்குப் பாதியே நன்றாக வேலை செய்கிறது. கையில் தடவிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பயறைப் பிசறி, எல்லா மணியும் லேசாக மின்னும்வரை புரட்டுங்கள். முட்டை மூச்சுவிடும் துளையை எண்ணெய் அடைத்துவிடும். உள்ளே இருப்பது பொரியாமலே போகும். வண்டு விழுந்த பிறகு எண்ணெய் தடவுவதில் பெரிய பலன் இல்லை, உள்ளே போய்விட்ட புழுவை அது ஒன்றும் செய்யாது. கொல்லையிலிருந்து வந்து காய்ந்தவுடன் தடவ வேண்டும். வேப்பெண்ணெய் இதைவிட வலுவானது, ஆனால் கசப்பு சமையலில் இறங்கும். அதை விதைக்கு மட்டும் வையுங்கள்.

மூன்றாவது வழி சோம்பேறிகளுக்கானது. என் வீட்டில் அதுதான் நடக்கிறது. பானையிலோ டின்னிலோ பயறை வாய்வரை நிரப்பாமல் ஒரு நாலு விரல் விட்டு, மேலே நன்றாகக் காய்ந்து சலித்த மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பிவிட வேண்டியது. இடையில் ஒரு மெல்லிய துணி போட்டால் மணல் இறங்காது. வெளியே இருந்து வரும் வண்டால் பயறை எட்ட முடியாது, உள்ளே பிறந்தது மேலே ஏறி வர முடியாது.

இது எதுவும் வேண்டாம் என்றால் பயறை உடைத்துப் பருப்பாக்கி வையுங்கள். தோலோடு இருக்கும் முழுப் பயறில்தான் பயறு வண்டு செழிப்பாகப் பெருகும், உடைத்த பருப்பில் அதற்கு அவ்வளவு வசதி இல்லை. துவரையைத் தோலோடு ஒரு வருஷம் வைப்பதைவிட மாசியிலேயே பருப்பாக்கி, விளக்கெண்ணெய் தடவி வைப்பது சுலபம்.

இலைகள்

சரி, இலைக்கு வருவோம். வேப்பிலை, நொச்சி, புங்கன் மூன்றும் நம் வேலியிலேயே கிடைக்கும். மூன்றும் பூச்சியைத் தள்ளி வைக்கும், கொல்லாது. முட்டைக்கு ஒன்றும் செய்யாது. பச்சையாகப் பறித்துப் போடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பச்சை இலையில் பாதிக்கு மேல் தண்ணீர். காயவைத்த தானியத்தில் அதைக் கொண்டுபோய்ப் போட்டால் எங்கே இலை இருக்கிறதோ அங்கேதான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் சருகாகக் காய வேண்டும், கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். ஒரு துணியில் முடிச்சாகக் கட்டி அடி, நடு, மேல் என்று வையுங்கள். ஆறு மாதத்தில் வாசனை போய்விடும், அப்போது மாற்றுங்கள்.

வரமிளகாய், பூண்டு, கிராம்பு, பிரிஞ்சி இலை இவற்றை அரிசி டப்பாவில் போடுவதைக் குறை சொல்ல மாட்டேன். பத்துக் கிலோ டப்பாவில் நாலு கிராம்பு என்பது சாமிக்குக் கற்பூரம் காட்டுவதுபோல, மனசுக்கு நல்லது. காம்போடு உள்ள காய்ந்த மிளகாய் கொஞ்சம் அதிகமாகவே போட்டால் ஓரளவு பலன் தெரிகிறது. உரித்த பூண்டைப் போடாதீர்கள், அதில் ஈரம் இருக்கிறது.

வசம்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டு விரட்டுவதில் இலைகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். விதைப் பயறுக்கு ஒரு கிலோவுக்குப் பத்து கிராம் வசம்புப் பொடி கலந்தால் அடுத்த பட்டம்வரை நிம்மதி. ஆனால் அதில் இருக்கிற அசரோன் என்ற பொருள் உடம்புக்கு நல்லதில்லை என்று பல நாடுகளில் உணவில் சேர்க்கவே விடுவதில்லை. சாப்பாட்டுத் தானியத்தில் பொடியைக் கலக்காதீர்கள். முழுக் கிழங்கைத் துணியில் கட்டி அலமாரியில் வைத்தால் போதும்.

ராகி, சாமை, மாவு

ராகியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணி சின்னது, கெட்டி, வண்டுக்கு உள்ளே குடியிருக்க இடம் போதாது. காய்ந்த ராகி வருஷக்கணக்கில் கிடக்கும். பஞ்சத்துக்கு என்று வைக்கிற தானியமாக அது இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கல்லும் தூசியும் குருணையும் இல்லாமல் புடைத்து வைத்தால் அந்துப்பூச்சியும் அதிகம் வராது.

சாமை, தினை, வரகு உமியோடு இருக்கும்வரை அதே மாதிரிதான். சித்தேரி மலையில் சாமையை உமியோடு வைத்து, வேண்டியபோது குத்திக்கொள்வார்கள். இப்போது டவுனில் எல்லாரும் உமி நீக்கிய சாமை அரிசியாக ஐந்து கிலோ, பத்து கிலோ வாங்குகிறார்கள். உமி போனதும் அதன் காவலும் போனது. இரண்டு மூன்று மாதத்தில் பூச்சியும் சிக்கு வாடையும் வந்துவிடும். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

மாவு அதைவிட மோசம். ராகி மாவு ஒரு மாதத்துக்கு, கம்பு மாவு ஒரு வாரத்துக்குமேல் வேண்டாம். கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், சீக்கிரம் கசந்துவிடும். என் தொழிலுக்கு இது நல்லதுதானே என்று நினைக்காதீர்கள், ஒரே தடவையில் இருபது கிலோ அரைத்தால் எனக்கும் சுலபம். இருந்தாலும் சொல்கிறேன்.

மில்லுக்கு வரும்போது ஒன்று கவனியுங்கள். கல்லுக்கு நடுவிலும் கீழே மாவு விழும் துணிக்குழாயிலும் முன்னால் அரைத்தவருடைய மாவு கொஞ்சம் தங்கியிருக்கும். அதில் வண்டு இருந்தால் உங்கள் மாவோடு வந்துவிடும். மில்காரரிடம் குழாயைத் தட்டச் சொல்லுங்கள். முதலில் விழும் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து மாட்டுத் தண்ணீரில் கலந்துவிடுங்கள். தட்டச் சொன்னால் கோபித்துக்கொள்கிற மில்லாக இருந்தால் வேறு மில் பாருங்கள்.

ரவையை வாங்கி வந்த அன்றே வெறும் கடாயில் லேசாக வறுத்து, ஆறவைத்துப் போடுவது பழைய வழி, இன்னும் அதுவே சரியான வழி. ஓசூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிற என் மகளுக்குக் களமும் இல்லை, வெயிலும் இல்லை. அவள் ரவை, மைதா, கடலை மாவு, சாமை அரிசி எல்லாவற்றையும் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுக்கிறாள். மைனஸ் 18 டிகிரியில் முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். எடுத்ததும் பிரிக்காமல், வெளிச்சூட்டுக்கு வரும்வரை பாக்கெட்டை அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் வண்டு சாகாது, சும்மா தூங்கும்.

புளி

புளியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்துக்காரன் முடிக்க முடியாது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் உரிகம் புளி என்று தனி ரகமே உண்டு. மாசி, பங்குனியில் உலுக்கி, ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டி வைக்கிறோம். கொட்டையோடு விட்டால் வண்டு விழும். ஓட்டோடு இருக்கிற புளியில் வரும் ஒரு வண்டு நிலக்கடலையையும் பிடிக்கும். அதனால் உரிக்காத புளி மூட்டையையும் நெற்றுக் கடலை மூட்டையையும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் போடாதீர்கள்.

கொட்டை நீக்கிய புளியை இரண்டு மூன்று நாள் வெயிலில் காட்டி, கல்லுப்பு தூவி, கையால் அழுத்தி உருண்டையாகப் பிடித்து, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ காற்று இடைவெளி இல்லாமல் திணித்து வைக்க வேண்டும். அடியிலும் மேலேயும் ஒரு அடுக்கு உப்பு. எவர்சில்வர், அலுமினியம் வேண்டாம், புளிப்பும் உப்பும் சேர்ந்து பாத்திரத்தை அரித்துவிடும். ஈரக் கையால் எடுக்காமல் இருந்தால் இரண்டு வருஷமும் இருக்கும், நிறம் மட்டும் கருக்கும்.

போடவே கூடாதவை

அந்துருண்டையைத் தானியத்தின் பக்கத்திலேகூட வைக்காதீர்கள். போரிக் பவுடரை அரிசியில் கலக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது, விட்டுவிடுங்கள், கழுவினால் எல்லாம் போய்விடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குடோனில் போடுகிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து வரும் வாயு மனிதரைக் கொல்லும். மூடிய அறையில் அதை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள்.

ஏற்கெனவே விழுந்துவிட்டால்

முதலில் அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து பிரித்து வெளியே கொண்டுபோங்கள். சமையலறையில் வைத்துச் சலித்தால் வண்டு அடுத்த அலமாரிக்கு நடந்துவிடும். அரிசியில் வெறும் வண்டு, உளுத்த மணி குறைவு என்றால் வாசலில் வைத்துப் புடைத்துச் சலித்து, நிழலில் பரப்பி, சீக்கிரம் சாப்பிட்டுத் தீர்த்துவிடலாம். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. தண்ணீரில் ஊறவைத்தால் உளுத்தது மேலே மிதக்கும், வடித்துவிடுங்கள். பயறில் பாதிக்கு மேல் ஓட்டை என்றால் கோழிக்குப் போடுங்கள். கெட்ட வாடை அடிக்கும் மாவும் நூல் கட்டிய ரவையும் குப்பைக்கு.

பூஞ்சணம் பிடித்தது மட்டும் கோழிக்கும் கூடாது, மாட்டுக்கும் கூடாது. முக்கியமாக நிலக்கடலையில் பச்சையாகவோ கருப்பாகவோ படிந்திருந்தால் அந்தப் பூஞ்சணத்தின் விஷம் மாட்டுப் பாலிலும் இறங்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

அலமாரியைக் காலி செய்து, இடுக்கில் இருக்கிற மாவுத்தூளைச் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். இரண்டு கரண்டி மாவு பலகை இடுக்கில் கிடந்தால் போதும், அடுத்த தலைமுறைக்கு. ஒரு மாதம் கழித்து அதே அலமாரியில் மறுபடி பாருங்கள், அரிசிக்குள் ஒளிந்திருந்தது அப்போதுதான் வெளியே வரும். அப்புறம், வண்டு விழுந்ததை அரைத்துவிட்டால் தெரியாது என்று என் மில்லுக்குக் கொண்டுவருபவர்களுக்கு: வீட்டிலேயே சலித்துவிட்டு வாருங்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரும் அதே கல்லில்தான் அரைக்கப் போகிறார்.